ஃபிரெட்டி மெர்க்குரி எழுதி வைத்தது யாருக்கு, குயின் இப்போது யாருடையது?

கேள்வி கேட்டவர் நான்கைந்து விஷயங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் ஃபிரெட்டி மெர்க்குரி சொத்து முழுவதையும் முன்னாள் காதலி மேரி ஆஸ்டினுக்கே எழுதி வைத்துவிட்டாரா? கடைசி வரை கூட இருந்த துணைவர் ஜிம் ஹட்டனை வெறுங்கையோடு வீட்டை விட்டு அனுப்பினார்களா? மகள் ஒருத்தி உண்டு என்று 2025-ல் வந்த நூலை நம்பலாமா? குழுவில் உடன் இருந்த பிரையன் மேயும் ராஜர் டெய்லரும் குயின் பெயரில் இன்னமும் கச்சேரி செய்வது சரிதானா? கடைசி வரியில், தானும் நண்பர்களும் குயின் பாட்டுகளை மேடையில் பாடப்போவதாகவும், அதற்கான பணம் யாருக்குப் போகும் என்றும் போகிற போக்கில் ஒரு கேள்வி.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: அவர் போன பிறகு அவருடையது யாருடையது? இதில் ரசிகர்கள் மூன்று தனிக் கணக்குகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அவர் யாரை எவ்வளவு நேசித்தார் என்பது ஒரு கணக்கு. உயிலில் என்ன எழுதினார் என்பது இன்னொன்று. பாட்டு, ஒலிப்பதிவு, குழுவின் பெயர் ஆகியவற்றின் உரிமை எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது. பின்னிரண்டுக்கும் காகிதம் உண்டு. முதலாவதற்குச் சாட்சிகள் மட்டும்தான், அவர்களும் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை. இசை உரிமை, ராயல்டி (பாட்டு பயன்படும்போதெல்லாம் உரிமையாளருக்குச் சேரும் பணம்) பற்றிய கணக்குகளில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் காகிதம் இருக்கும் பக்கத்திலிருந்தே வருகிறேன்.

சர்ச்சை இல்லாத விவரங்களை முதலில் சொல்லிவிடலாம். 1946 செப்டம்பர் 5-ல் சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் ஃபரூக் பல்சாராவாகப் பிறந்தார். அப்பா போமி, அம்மா ஜெர், தங்கை காஷ்மீரா. எட்டு வயதில் மகாராஷ்டிரத்துப் பாஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 'பம்பாயில் பிறந்தவர்' என்ற பேச்சு கிளம்பியது அதனால்தான். 1964 சான்சிபார் புரட்சிக்குப் பிறகு குடும்பம் லண்டனை ஒட்டிய ஃபெல்தமுக்குக் குடிபெயர்ந்தது. குயின் 1970-ல் தொடங்கியது, நான்காமவரான ஜான் டீக்கன் 1971-ல் வந்து சேர்ந்தார். மேரி ஆஸ்டினோடு சேர்ந்து வாழ்ந்தது 1970-களின் நடுப்பகுதி வரை. நிச்சயம் செய்துகொண்டார்களே தவிரக் கல்யாணம் நடக்கவில்லை, ஆகவே 'முன்னாள் மனைவி' என்று எழுதுவது தப்பு. ஜிம் ஹட்டன் அயர்லாந்துக்காரர், முடி திருத்துபவர், 1985 முதல் துணைவர். எய்ட்ஸ் இருப்பதை ஃபிரெட்டி 1991 நவம்பர் 23-ல் அறிக்கையாக வெளியிட்டார். மறுநாளே இறந்துபோனார், வயது 45. இறுதிச் சடங்கு ஜொராஸ்டிரிய முறையில் நடந்தது.

இனி உயில். இங்கிலாந்தில் ஓர் உயில் நீதிமன்றத்தின் அங்கீகாரம் பெற்றதும் அது பொது ஆவணம். யார் வேண்டுமானாலும் அரசின் உயில் தேடல் தளத்தில் கட்டணம் கட்டி நகல் வாங்கலாம். தேடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். பெயர் மாற்றிக்கொண்ட கலைஞர் என்றால் பிறப்புப் பெயர், மேடைப் பெயர் இரண்டிலும் தேட வேண்டும். பதிவேடு, அங்கீகாரம் கிடைத்த ஆண்டை வைத்து அடுக்கப்பட்டிருக்கும், எனவே நவம்பரில் இறந்தவருக்கு அடுத்த ஆண்டையும் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமலே 'உயில் ரகசியமாம்' என்று பதிவு போடுகிறவர்கள் ஏராளம்.

அந்த உயில் பங்கிட்டது இப்படி. ஜிம் ஹட்டன், சமையல்காரர் ஜோ ஃபனெல்லி, தனி உதவியாளர் பீட்டர் ஃப்ரீஸ்டோன் ஆகிய மூவருக்கும் தலா 5 லட்சம் பவுண்டு. ஓட்டுநருக்கு 1 லட்சம். லண்டன் கென்சிங்டனில் இருக்கும் கார்டன் லாட்ஜ் வீடு மேரிக்கு. இவையெல்லாம் போக மிஞ்சிய சொத்தில் பாதி மேரிக்கு, மறுபாதி பெற்றோருக்கும் தங்கைக்கும். ஆக, 'எல்லாம் மேரிக்கே' என்பதும் பொய், 'ஜிம்முக்கு ஒன்றுமில்லை' என்பதும் பொய். 1991-ல் 5 லட்சம் பவுண்டு பெரிய தொகை.

அப்படியானால் மேரிக்கும் ஜிம்முக்கும் நடுவே அவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வந்தது? காரணம் 'மிஞ்சிய சொத்து' என்பதற்குள் இருக்கிறது. உயில் அமலாகும்போது முதலில் கடன், சடங்குச் செலவு, வரி எல்லாம் கழியும். அடுத்து இன்னாருக்கு இவ்வளவு என்று எழுதிய தொகைகள் போகும். பிறகு இருப்பது மிச்சம், அதில்தான் பாட்டுகளின் உரிமையும் இனி வரப்போகும் ராயல்டியும் அடக்கம். குறிப்பிட்ட தொகை பெற்றவருக்கு அது ஒரே தடவை. மிச்சத்தில் பங்கு பெற்றவருக்கு அது ஓடிக்கொண்டே இருக்கும் வரவு. 1992-ல் ஒரு ஹாலிவுட் நகைச்சுவைப் படம் பொஹீமியன் ராப்சடியைப் பயன்படுத்தியதும் அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. 2018-ல் ஃபிரெட்டியின் வாழ்க்கைப் படம் வந்தது. பிறகு ஸ்ட்ரீமிங். இந்த வளர்ச்சி முழுவதும் மிச்சத்தின் பங்குதாரர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. உயில் எழுதிய நாளில் யாரும் இதை முழுசாகக் கணக்குப் போட்டிருக்க முடியாது என்பது என் எண்ணம். ஒரு கலைஞர் உயில் எழுதும்போது நல்ல வக்கீல் முதலில் பேச வேண்டிய விஷயமும் இதுதான்: துணைவருக்கு ரொக்கமா, வரவில் விழுக்காடா?

ஜிம்மை வெளியேற்றிய கதைக்கு வருவோம். வீட்டைச் சட்டப்படி மேரிக்கு எழுதியது உறுதி. அதிலேயே தொடர்ந்து வாழலாம் என்று ஃபிரெட்டி வாய்மொழியாகச் சொல்லியிருந்ததாகவும், மூன்று மாதத்தில் காலி செய்யும்படி ஆனதாகவும் ஜிம் 1994-ல் வந்த தன் நினைவுக் குறிப்பில் சொல்கிறார். இது ஒரே ஒருவரின் சாட்சி. பொய் என்று தள்ள எனக்குக் காரணம் இல்லை, ஆனால் உறுதியானது என்ற அடுக்கிலும் இதை வைக்க மாட்டேன். அந்தச் சூழலில் அவருக்குச் சட்டத்தில் பிடிமானம் எதுவும் இல்லை என்பது மட்டும் நிச்சயம். ஒருபால் துணைவர்களைப் பதிவு செய்யும் சட்டம் பிரிட்டனில் 2004-ல் நிறைவேறி 2005 இறுதியில்தான் அமலுக்கு வந்தது. 1991-ல் ஜிம்முக்குச் சட்டம் கொடுத்த உறவுப் பெயர் எதுவுமே கிடையாது. 'இறக்கும் வரை இந்த வீட்டில் குடியிருக்கலாம்' என்று உயிலில் ஒரு வரி இருந்திருந்தால் மேரியின் உரிமையும் நின்றிருக்கும், ஜிம்மின் இருப்பும் நின்றிருக்கும். அந்த வரி இல்லை. ஜிம் பின்னர் அயர்லாந்துக்குத் திரும்பினார், 2010 ஜனவரி 1-ல் புற்றுநோயால் இறந்தார்.

நினைவுக் குறிப்புகளை எப்படி எடைபோடுவது என்பதற்கும் இது உதவும். ஜிம், பீட்டர் ஃப்ரீஸ்டோன் இருவருமே அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள், இருவருமே வேறொரு எழுத்தாளரின் துணையோடு நூல் எழுதியவர்கள். தினசரி வாழ்க்கை பற்றி, அதாவது யார் எப்போது சமைத்தார்கள், பூனைகளுக்கு என்ன பெயர், விருந்துக்கு யார் வந்தார்கள் என்பதில் இவர்களை நம்பலாம். நோய் எப்போது உறுதியானது என்பதில் 1987 என்ற ஆண்டு பரவலாக ஏற்கப்பட்டதற்கு ஜிம்மின் நூலும் ஒரு காரணம். ஆனால் ஒப்பந்தம், பணம், குழுவுக்குள் நடந்த பேச்சு பற்றி அவர்கள் சொல்வது காதில் விழுந்த செய்தி. அந்த அறையில் அவர்கள் இருந்தார்களா என்று ஒவ்வொரு பத்திக்கும் கேட்டுக்கொண்டே படித்தால் பாதிச் சண்டை தானாக அடங்கும்.

அஸ்தி எங்கே என்பது மேரிக்கு மட்டும் தெரிந்த விஷயம், அவர் சொல்லவில்லை. 2013-ல் லண்டன் கல்லறைத் தோட்டம் ஒன்றில் ஃபரூக் பல்சாரா பெயரில் ஒரு நினைவுப் பலகை தென்பட்டதும் ஆளாளுக்கு முடிவுகட்டினார்கள். பலகை பிறகு அகற்றப்பட்டது, மேரி அதை மறுத்தார். இதற்கு மேல் துருவுவது ஆராய்ச்சி ஆகாது. அஞ்சலி செலுத்தத்தான் இடம் வேண்டும் என்றால் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூவில் ஏரிக்கரைச் சிலை இருக்கிறது, 1996 நவம்பரில் திறந்தது. குழு சொந்தமாக வைத்திருந்த ஸ்டுடியோ இருந்த ஊர் அது. தன் கடைசிப் பாட்டுகளை அவர் அங்கேதான் பாடிப் பதிந்தார்.

2023 செப்டம்பரில் மேரி வீட்டுப் பொருள்களை சோதபீஸ் என்ற ஏல நிறுவனம் மூலம் ஏலம் விட்டபோது 'துரோகம்' என்ற சொல் சாதாரணமாகப் புழங்கியது. சுமார் 1,400 உருப்படிகள், ஆறு ஏலங்கள், மொத்தம் 3.99 கோடி பவுண்டு. யமஹா பேபி கிராண்ட் பியானோ மட்டும் 17 லட்சம் பவுண்டைத் தாண்டியது. ஒரு பகுதி எய்ட்ஸ் அறக்கட்டளைகள் இரண்டுக்கு என்று முன்பே அறிவித்திருந்தார்கள். சட்டத்தில் கேள்வியே இல்லை, பொருள் அவருடையது. பிரையன் மே வெளிப்படையாகவே வருத்தப்பட்டார், அதுவும் புரிகிறது. ஏல விலையைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: வெளியில் சொல்லப்படும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணமும் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்கு அவ்வளவு வராது. இன்னொன்று, பொஹீமியன் ராப்சடியின் கையெழுத்துத் தாள் சுமார் 13.8 லட்சம் பவுண்டுக்குப் போனது, அதில் 'மங்கோலியன் ராப்சடி' என்று முதலில் எழுதி அடித்திருப்பது தெரிகிறது. அதை வாங்கியவருக்குச் சொந்தமானது தாள் மட்டும். அந்த வரிகளை அச்சிட்டு விற்கும் உரிமை தாளோடு போகாது.

மகள் விவகாரத்தை நிரூபிக்கப்படாதது என்ற அடுக்கில்தான் வைக்கிறேன். நூல் வந்தபோது, அப்படி ஒரு குழந்தை பற்றித் தனக்குத் தெரியாது என்று மேரி சொன்னார். அதுவும் முடிவான சாட்சி ஆகாது, தெரியாமல் இருந்திருக்கலாமே என்று எதிர்த் தரப்பு சொல்லும். இப்படிப்பட்ட உரிமைகோரலை எடைபோடத் தேவையானவை மூன்று. முதலாவது பிறப்புப் பதிவு. இங்கிலாந்தில் பெற்றோர் மணமாகாதவர்கள் என்றால் அப்பாவும் சேர்ந்து பதிந்தால்தான் அவர் பெயர் ஏறும், ஆகவே பெயர் இல்லாதது மறுப்பும் ஆகாது, இருந்தால் வலுவான சான்று. இரண்டாவது, இரத்த உறவு என்று ஏற்கப்பட்ட ஒருவரின் மாதிரியோடு ஒப்பிட்டு, சுயேச்சையான ஆய்வகம் ஒன்று பெயர் போட்டுத் தரும் மரபணு அறிக்கை. மூன்றாவது, நோட்டுப் புத்தகங்கள் இருப்பதாகச் சொன்னால் அவற்றின் மூலப் பிரதி. கையெழுத்தையும் தாளையும் மையையும் வெளி நிபுணர் பார்க்க வேண்டும், உள்ளே குறித்த தேதிகளைக் குழுவின் பயணத் தேதிகளோடு ஒப்பிட வேண்டும். போலி நாட்குறிப்புகள் பெரும்பாலும் இந்தக் கடைசிச் சோதனையில்தான் மாட்டும். கச்சேரி நடந்த ஊர்களும் நாள்களும் ரசிகர்களிடமே துல்லியமாக இருக்கின்றன.

'மகள் என்றால் சொத்தில் பங்கு உண்டே?' என்று கேட்கிறார்கள். ஆங்கிலச் சட்டத்தில் பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு கிடையாது, எழுதுபவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். போதிய ஏற்பாடு செய்யவில்லை என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடலாம், ஆனால் உயில் அங்கீகாரம் பெற்றதிலிருந்து ஆறு மாதத்துக்குள். அதற்குப் பிறகு நீதிமன்றம் தனியாக அனுமதிக்க வேண்டும், முப்பது வருடம் கழிந்த பின் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இது உண்மையாகவே இருந்தாலும் பணம் யாருக்கு என்ற கணக்கு மாறாது. சம்பந்தப்பட்டவர் பொது வாழ்வில் இல்லாத ஒருவர் என்பதையும் நினைவில் வைத்து, ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிடுங்கள்.

2018 படத்தை ஆதாரமாகக் காட்டுகிறவர்களுக்கு ஒரு பத்தி போதும். அதில் தனி ஆல்பத்துக்காக ஃபிரெட்டி குழுவை உடைக்கிறார், லைவ் எய்ட் என்ற நிதி திரட்டும் கச்சேரிக்காக மீண்டும் சேருகிறார்கள், அதற்குச் சற்று முன் நோயைச் சொல்கிறார். நடந்தது வேறு. குழுவில் முதலில் தனி ஆல்பம் போட்டவர் ராஜர் டெய்லர், 1981-ல். 1985 ஜனவரியில் ரியோவில் பாடினார்கள், மே மாதம் வரை சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள், ஜூலை 13-ல் லைவ் எய்ட். உடைவும் இல்லை, மறு இணைப்பும் இல்லை. நோய் உறுதியானது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து. ஜிம்மைப் படம் விருந்தில் பரிமாறுகிறவராகக் காட்டுவதும் கற்பனை.

இப்போது உரிமைகள். இங்கேதான் கேட்டவரின் நான்காவது கேள்விக்கு விடை இருக்கிறது. ஒரு பாட்டு ஒலிக்கும்போது இரண்டு தனிச் சொத்துகள் சேர்ந்து ஒலிக்கின்றன: எழுதி மெட்டமைத்த படைப்பு ஒன்று, அதன் ஒலிப்பதிவு மற்றொன்று. நம் திரையிசையில் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்ற வழக்கம் நீண்ட காலம் இருந்ததால் இந்தப் பிரிவு நமக்குச் சட்டென்று பிடிபடாது. குயினில் 1989-க்கு முந்தைய பெரும்பாலான பாட்டுகளுக்கு எழுதியவர் பெயரே தனித்தனியாகப் போட்டார்கள். பொஹீமியன் ராப்சடி மெர்க்குரி மட்டும். ரேடியோ காகா டெய்லர். ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ டீக்கன். விளையாட்டு மைதானங்களில் ஒட்டிப்பிறந்தவை மாதிரி அடுத்தடுத்து ஒலிக்கிற வீ வில் ராக் யூவும் வீ ஆர் தி சாம்பியன்ஸும் வெவ்வேறு ஆள்களுடையவை, முன்னது மே, பின்னது மெர்க்குரி. ஒன்றின் எழுத்து ராயல்டி உயிரோடு இருப்பவருக்கும், மற்றதன் ராயல்டி உயிலின் வழியேயும் போய்வந்தது.

இதில் கசப்பும் இருந்தது. 1975-ல் பொஹீமியன் ராப்சடி சிங்கிளாக, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டாக, வந்தபோது பின்பக்கத்தில் டெய்லரின் ஐம் இன் லவ் வித் மை கார் இருந்தது. தட்டு ஒன்று விற்றால் எழுத்து ராயல்டி இரு பக்கத்துக்கும் சமமாகப் பிரியும், எந்தப் பக்கத்துக்காக வாங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்த தட்டு அது, பின்பக்கத்துக்காரருக்கும் அதே பணம். எந்தப் பாட்டு சிங்கிள் ஆவது என்ற தகராறுகளின் வேர் இங்கே இருக்கிறது. 1989-ன் தி மிராக்கிள் ஆல்பத்திலிருந்து 'குயின்' என்று பொதுவாகப் பெயர் போட்டு, வருவதை நால்வரும் சமமாகப் பிரித்துக்கொள்ள முடிவு செய்ததும் அதனால்தான். தி ஷோ மஸ்ட் கோ ஆன் பெரும்பாலும் மேயின் வேலை என்பது தெரிந்ததே, காகிதத்தில் மட்டும் நால்வரும். யார் எழுதியது என்று வாதாடுமுன் ஆல்பத்தின் ஆண்டைப் பாருங்கள்.

ஒலிப்பதிவுகளின் கதை வேறு. வட அமெரிக்க உரிமையை 1990-ல் டிஸ்னியின் ஹாலிவுட் ரெக்கார்ட்ஸ் வாங்கியது. உலகின் மற்றப் பகுதிகளுக்கு வேறு ஏற்பாடு. ஆல்பத்தின் பின்னட்டையில் வட்டத்துக்குள் 'பி' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர் ஒலிப்பதிவின் உரிமையாளர், வட்டத்துக்குள் 'சி' பக்கத்தில் இருப்பது அட்டைப் படம், அச்சு வாசகம் முதலியவற்றுக்கானது. இரண்டும் ஒன்றென்று நினைப்பதுதான் அதிகம் நடக்கிற தப்பு. 2024-ல் சோனி சுமார் 100 கோடி பவுண்டுக்கு உரிமைகளை வாங்கியதாகச் செய்தி வந்தது, மேடைக் கச்சேரி வருமானம் அதில் அடங்காது என்றும் சொன்னார்கள். அந்தத் தொகை செய்தியாளர்கள் வழியே வந்தது, ஒப்பந்தம் பொதுவில் இல்லை. அதை நாலால் வகுத்து 'மேரிக்கு இவ்வளவு கிடைத்தது' என்று எழுதும் பதிவுகளை நம்பாதீர்கள். எழுத்துரிமை நால்வரிடமும் சமமாக இல்லை என்பதை மேலேயே பார்த்தோம்.

குழுவின் வணிகத்தை நடத்துவது குயின் புரொடக்‌ஷன்ஸ் என்ற நிறுவனம். அதன் ஆண்டுக் கணக்குகளை பிரிட்டிஷ் நிறுவனப் பதிவகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். படிக்கும்போது மொத்த விற்றுவரவு, செலவும் வரியும் போன லாபம், பங்குதாரர்களுக்குப் பிரித்த ஈவுத்தொகை என்ற மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பத்திரிகைத் தலைப்பில் வருவது முதல் எண், ஒருவர் பைக்குப் போவது மூன்றாவதில் ஒரு பங்கு. மேடையில் ஏறாத டீக்கனுக்கும் பங்கு உண்டு. 1997-க்குப் பிறகு அவர் குழுவோடு மேடை ஏறவில்லை, ஆனால் பணக் கணக்கை அவர் பார்க்கிறார் என்று மே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஆக, மேயும் டெய்லரும் பெயரைப் பறித்துக்கொண்டார்கள் என்பது சரியில்லை. 2005 முதல் 2009 வரை பாடகர் பால் ராஜர்ஸோடு, பின்னர் பாடகர் ஆடம் லாம்பர்ட்டோடு, எப்போதும் 'குயின்' பக்கத்தில் கூட்டல் குறி போட்டே நடத்துகிறார்கள். அந்தக் குறி எனக்கு நேர்மையாகவே படுகிறது: இவர் வாரிசு அல்ல, விருந்தாளி என்று விளம்பரத்திலேயே சொல்லிவிடுகிறது. கலை ரீதியாகப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு, ஃபிரெட்டி பாடாத குயினை நானும் தேடிப்போய்க் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கச்சேரியில் சம்படி டு லவ் பாடப்படும் ஒவ்வொரு முறையும் அதன் எழுத்து ராயல்டி மெர்க்குரியின் பங்கை இப்போது வைத்திருப்பவருக்குத்தான் சேர்கிறது. டிக்கெட் வசூலில் சுமார் 4 சதவீதம் பாட்டெழுதியவர்களுக்கென்று பிரிட்டனில் வசூலிக்கிறார்கள், அன்று பாடிய பட்டியலைப் பார்த்து அதைப் பிரிக்கிறார்கள். மேடையில் நிற்பவருக்குக் கிடைப்பது வேறு பணம்.

இந்த உரிமை எவ்வளவு காலம் ஓடும்? மெர்க்குரி தனியாக எழுதியவை பிரிட்டனில் இறந்த ஆண்டிலிருந்து 70 வருடம், அதாவது 2061 முடிய. இந்தியாவில் 60 வருடம், 2051 முடிய. ஒலிப்பதிவுக்குக் கணக்கு வெளியான ஆண்டிலிருந்து: 1975-ன் பொஹீமியன் ராப்சடி பிரிட்டனில் 2045 முடிய, இந்தியாவில் 2035 முடிய. கூட்டாக எழுதியவற்றுக்குக் கடைசியாக இறப்பவரிலிருந்து எண்ணுவார்கள், ஆகவே தனியாக எழுதியதை விட அவை பல காலம் கூடுதலாக ஓடும். 2036-ல் பழைய ஒலிப்பதிவு இங்கே சுதந்திரமானாலும் அதற்குள் இருக்கும் பாட்டு சுதந்திரமாகாது என்பதை மறந்துவிட வேண்டாம்.

நீங்கள் மேடையில் பாடுவதற்கு வருகிறேன். நேரடியாக வாசித்துப் பாடினால் தொடுவது படைப்பை மட்டும்தான், அதற்கு இந்தியாவில் உரிமம் தருவது ஐபிஆர்எஸ், பாட்டெழுதியவர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு. உரிமம் எடுக்க வேண்டியவர் நிகழ்ச்சி நடத்துபவர், மண்டபம் ஏற்கெனவே எடுத்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் பாடிய பட்டியலைப் பாட்டெழுதியவர் பெயரோடு கொடுங்கள். கொடுக்காவிட்டால் கட்டிய பணம் அந்தப் பாட்டுகளின் எழுத்துரிமை வைத்திருப்பவருக்குப் போகாமல் பொதுக் கணக்கில் கரைந்துவிடும். பின்னணி இசைத் தட்டைப் போட்டு மேலே பாடினால் ஒலிப்பதிவு உரிமையும் சேர்ந்துகொள்ளும், அந்தத் தட்டைத் தயாரித்த நிறுவனத்தின் நிபந்தனையைப் பாருங்கள். கல்லூரி மன்றம் போன்ற தொழில்முறையல்லாத குழு, காசு வாங்காமல் கூட்டத்துக்குப் பாடினால் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டால் அந்த விலக்கு கிடையாது.

சுவரொட்டியில் 'குயின்' என்று மட்டும் பெரிதாகப் போடாமல் உங்கள் குழுவின் பெயரை முதலில் போட்டு, குயின் பாடல்கள் என்று கீழே எழுதுங்கள். சிங்கங்களும் நண்டும் தேவதைகளும் ஃபீனிக்ஸும் உள்ள சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். கிராஃபிக் டிசைன் படித்த ஃபிரெட்டியே நால்வரின் ராசிகளை வைத்து வரைந்தது அது: டீக்கன், டெய்லருக்குச் சிம்மம், மேக்குக் கடகம், தனக்குக் கன்னி. ஓவியம் என்ற வகையில் அதற்கும் இங்கே 2051 முடியப் பதிப்புரிமை உண்டு.